கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை ரெஜெக்ஸில் பிடிக்கப் போய், தமிழே அழிந்துவிட்டது

நூலடுக்கு | சனி, காலை 10.12

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். மூன்று பேர் தட்டச்சு செய்தோம். ஒருவர் நேராக எக்செல்லில் அடித்தார், ஒருவர் வேர்டில் அடித்து ஒட்டினார், இன்னொருவர் போனில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நான் எடுத்துச் சேர்த்தேன். மூன்று கோப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பைதானில் படிக்கிறேன்.

பிரிவு வாரியாக எண்ணிப் பார்த்தால் "வரலாறு" மூன்று தனி வரிகளாக வருகிறது. மூன்றும் கண்ணுக்கு ஒன்றேதான். நீளம் கேட்டால் ஒன்றுக்கு 6, ஒன்றுக்கு 7, ஒன்றுக்கு 8 என்கிறது. முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப் ஏற்கெனவே போட்டிருக்கிறேன். ஆக, உள்ளே ஏதோ தெரியாத எழுத்து ஒளிந்திருக்கிறது.

வலையில் தேடினேன். "அச்சில் வராத எழுத்துகளை நீக்க" எல்லோரும் ஒரே ரெஜெக்ஸ் பேட்டர்னைத்தான் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் விதி) சொல்கிறார்கள்:

`[^ -~]`

இதைப் பிடித்து வெற்றாக மாற்றச் சொன்னார்கள். ஓட்டினேன். தமிழ் மொத்தமும் போய்விட்டது! வரிசை எண், விலை, அடைப்புக்குறி, காற்புள்ளி மட்டும் மிச்சம். நல்லவேளை, மூலக் கோப்பு பத்திரமாக இருக்கிறது.

தமிழை விட்டுவிட்டு, தெரியாததை மட்டும் பிடிக்கும் பேட்டர்ன் என்ன?

---

பழையபெர்ல் | சனி, காலை 10.47

அந்தப் பேட்டர்னை உடைத்துப் பாருங்கள். சதுர அடைப்பு, உள்ளே கேரட், அப்புறம் ஓர் இடைவெளி, சிறு கோடு, டில்டே. இடைவெளியின் எண் 32, டில்டேயின் எண் 126. "32 முதல் 126 வரை உள்ளவை தவிர மற்ற எல்லாம்" என்பதுதான் அதன் பொருள். அந்த 95 எழுத்துகள்தான் 1963இல் முதலில் வெளியான ஆஸ்கி அட்டவணையில் பின்னர் நிலைபெற்ற அச்சு எழுத்துகள். ஆங்கிலம் மட்டும் உள்ள கோப்புக்கு அது சரி. தமிழ் எழுத்துகள் 2944க்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பேட்டர்னின் கண்ணில் அ முதல் ஹ வரை அத்தனையும் அச்சில் வராத எழுத்துகள்தான்.

ஆஸ்கியில் மிச்சம் 33 எழுத்துகள், 0 முதல் 31 வரையும் 127உம். இவைதான் கன்ட்ரோல் எழுத்துகள். 127 மட்டும் ஏன் தனியாகக் கடைசியில் கிடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. அது காகித நாடாவில் துளை போட்ட காலத்து ஏற்பாடு. ஒரு எழுத்தைத் தப்பாகத் துளைத்துவிட்டால், போட்ட துளையை அடைக்க முடியாது. மீதி இடங்களையும் துளைத்து ஏழையும் திறந்துவிட்டால் "இதைக் கணக்கில் எடுக்காதே" என்று பொருள். ஏழு துளையும் திறந்தால் 127. அதனால்தான் அதன் பெயர் டெலீட்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதையும் அழிக்காதீர்கள். முதலில் பாருங்கள். மூலக் கோப்பை முழுசாகப் படித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் பைதானின் ஆர்ட் (ord) ஃபங்ஷன் தரும் எண்ணை எடுங்கள். ஆஸ்கி அச்சு எழுத்துகளையும் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்ப் பகுதியையும் தள்ளிவிட்டு, மிச்சத்தை எண்ணி இங்கே போடுங்கள்.

---

நூலடுக்கு | சனி, காலை 11.30

எண்ணிவிட்டேன். வரி முடிவையும் டேபையும் விட்டுவிட்டு வந்தவை:

160 — 611 இடங்களில்
8203 — 187
8204 — 43
8206 — 26
11 — 9
65279 — 3

மூன்று "வரலாறு"களையும் எழுத்து எழுத்தாகப் பிரித்தும் பார்த்தேன். நல்லது இது: 2997, 2992, 2994, 3006, 2993, 3009. ஏழு நீளமுள்ளதில் கடைசியில் 8203 ஒட்டியிருக்கிறது. எட்டு நீளமுள்ளது ஒரே ஒரு வரியில்தான் வருகிறது, முன்னால் 65279, பின்னால் 8203.

இன்னொரு தொல்லையும் சொல்லிவிடுகிறேன். 9 வரிகள் பாதியில் உடைந்து இரண்டிரண்டு வரிகளாக வருகின்றன. அந்த 11க்கும் இதற்கும் தொடர்பு உண்டோ?

---

மீனா_திண்டுக்கல் | சனி, பகல் 12.05

உண்டு. 11 என்பது வெர்டிகல் டேப். வேர்டில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் பத்தி முடியாமல் வரி மட்டும் உடையும் இல்லையா, அந்த இடத்தில் வேர்டு வைப்பது 11. பைதானின் ஸ்ப்ளிட்லைன்ஸ் 10, 13 மட்டுமல்லாமல் 11, 12, 28, 29, 30, 133, 8232, 8233 எல்லாவற்றையும் வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் அதைப் போட்டிருப்பீர்கள். 10இல் மட்டும் உடைத்தால் 9 வரியும் ஒன்றுசேர்ந்துவிடும். பட்டியலை என்றைக்காவது எக்ஸ்எம்எல்லாக மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த 11ஐ இப்போதே எடுத்துவிடுங்கள். எக்ஸ்எம்எல் 1.0 கன்ட்ரோல் எழுத்துகளில் 32க்குக் கீழே 9, 10, 13 மூன்றை மட்டும்தான் ஏற்கும். வேறு ஒன்று இருந்தாலும் கோப்பு முழுவதையும் திறக்க மறுத்துவிடும்.

உங்கள் ஸ்ட்ரிப் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதே கதைதான். ஒவ்வொரு மொழிக்கும் "வெற்றிடம்" என்பதற்கு ஒவ்வொரு வரையறை. 160 என்பது வரியை உடைக்காத இடைவெளி, வலைப்பக்கத்திலிருந்தும் வேர்டிலிருந்தும் ஒட்டும்போது வரும். பைதானின் ஸ்ட்ரிப்பும், ரெஜெக்ஸில் வெற்றிடத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் எஸ்ஸும் அதைப் பிடிக்கும், 65279ஐ விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் பேக்ஸ்லாஷ் எஸ் இரண்டையுமே பிடிக்கும். ஜாவாவில் தனிக் கொடி எதுவும் கொடுக்காவிட்டால் இரண்டையுமே பிடிக்காது. 8203 இருக்கிறதே, அதை இந்த மூன்றில் எதுவுமே வெற்றிடமாகப் பார்க்காது.

என் யோசனை: பைதானோடு வரும் ரீ லைப்ரரியை விட்டுவிட்டு, தனியாகக் கிடைக்கும் ரெஜெக்ஸ் என்ற லைப்ரரியை நிறுவுங்கள். அதில் யுனிகோட் வகைகளை நேராகக் கேட்கலாம். பேக்ஸ்லாஷ், சின்ன பி, நெளிவு அடைப்புக்குள் பெரிய சி. இந்த சி வகையில் கன்ட்ரோல் எழுத்துகள், கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்பு எழுத்துகள் எல்லாம் அடக்கம். ஒரே வரியில் வேலை முடிந்துவிடும்.

---

பழையபெர்ல் | சனி, பகல் 12.20

8203 பற்றி ஒரு குறிப்பு. அதற்கு அகலமே இல்லாத இடைவெளி என்று பெயர். யுனிகோட் 4.0 வரை அது இடைவெளி வகையில்தான் இருந்தது. 4.0.1இல் வடிவமைப்பு வகைக்கு மாற்றினார்கள். பெயரில் இடைவெளி இருப்பதால் பேக்ஸ்லாஷ் எஸ் பிடித்துவிடும் என்று இன்றும் நிறையப் பேர் நம்புகிறார்கள்.

---

வடமராட்சி | சனி, பிற்பகல் 1.58

மீனா அக்கா, கொஞ்சம் பொறுங்கள். நூலடுக்கு, அந்த ஒற்றை வரியை ஓட்டிவிடாதீர்கள்.

8204 என்று 43 இடங்கள் காட்டியிருக்கிறீர்கள். அதுவும் கண்ணுக்குத் தெரியாததுதான், அதுவும் அந்த சி வகைதான். ஆனால் அது அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டு சொற்களையும் பாருங்கள்:

ரிக்‌ஷா
ரிக்ஷா

முதலாவதில் க் தனியாக, ஷா தனியாக நிற்கும். இரண்டாவதில் இரண்டும் சேர்ந்து கூட்டெழுத்தாகிவிடும். தட்டச்சில் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான், முதலாவதில் புள்ளிக்கும் ஷவுக்கும் நடுவில் ஒரு 8204 இருக்கிறது. "இங்கே சேராதே" என்று எழுத்துருவுக்குச் சொல்லும் குறி அது. உங்கள் பட்டியலில் அடித்தவர் அதை வேண்டுமென்றே போட்டிருந்தால், அழிப்பது எழுத்துப் பிழையைப் புகுத்துவதற்குச் சமம். தமிழ் எழுதுகிறவர்கள் எங்களுக்கு அது குப்பை இல்லை. மலையாளம், பாரசீகம் எழுதுகிறவர்களுக்கு இன்னும் முக்கியம்.

அந்த சி வகைக்குள் வேறு என்னென்ன இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். முதலில் 9உம் 10உம் அதில்தான் இருக்கின்றன, அதனால் உங்கள் நாலாயிரம் வரியும் ஒரே வரியாகிவிடும். 8205 இருக்கிறது, அப்பா, அம்மா, பிள்ளை சேர்ந்த குடும்ப எமோஜி அதனால்தான் ஒன்றாக நிற்கிறது; எடுத்துவிட்டால் மூன்று தனி முகங்கள். இன்னும் எழுத்து ஒதுக்கப்படாத இடங்களும் இதே வகைதான். உங்கள் லைப்ரரி பழையதாக இருந்தால், அதற்குப் பிறகு யுனிகோடில் சேர்ந்த எழுத்துகளை எல்லாம் ஒதுக்கப்படாதவை என்று எண்ணி அழித்துவிடும்.

தனிப்பயன் பகுதியும் (யுனிகோட் எந்த எழுத்துக்கும் கொடுக்காமல் அவரவர் பயனுக்கு விட்டுவைத்த எண்கள்) அந்த வகைதான். இது தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடோடு சேர்த்து டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கும் முறை அது. அந்த எண்கள் தனிப்பயன் பகுதியில், 57600க்கு மேலே இருக்கின்றன. அப்படி அடித்த பழைய கோப்பு ஒன்றில் இந்தப் பேட்டர்னை ஓட்டினால் ஒரு தமிழ் எழுத்தும் மிஞ்சாது. காலையில் உங்களுக்கு நடந்ததேதான் மறுபடியும் நடக்கும்.

தெரியாத எழுத்து என்று ஒரு இனம் கிடையாது. நீங்கள் எடுத்த பட்டியலில் ஆறு எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று தனித்தனியாக முடிவெடுத்தாலே போதும்.

---

மீனா_திண்டுக்கல் | சனி, பிற்பகல் 2.31

தம்பி, வரி முடிவு போய்விடும் என்பது நான் சொல்லாமல் விட்டது, ஒப்புக்கொள்கிறேன். டேஸ்16 விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் 8204 விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. படிப்பகத்துக்கு வருகிற ஒருவர் தேடல் பெட்டியில் ரிக்ஷா என்று அடிக்கிறார். அவர் போனில் 8204 அடிக்கும் வழியே இருக்காது. பட்டியலில் 8204 இருந்தால் அவருக்குப் புத்தகம் கிடைக்காது. அவருக்கு எழுத்தின் அழகா முக்கியம், புத்தகம் கிடைப்பதா?

---

வடமராட்சி | சனி, பிற்பகல் 2.50

இரண்டும். அதற்குத்தான் பட்டியலில் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) வைக்க வேண்டும் அக்கா. காட்டுவதற்கு ஒன்று, அதில் 8204 இருக்கட்டும். தேடுவதற்கு ஒன்று, அதில் 8204, 8205 எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பயனர் அடிப்பதிலும் அதையே எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். தேடும் பத்தியை யாரும் வாசிக்கப் போவதில்லை. மூலத்தைத் திருத்துவது வேறு, ஒப்பிடுவதற்காகச் சமப்படுத்துவது வேறு.

---

மீனா_திண்டுக்கல் | சனி, பிற்பகல் 2.56

சரி, இது சரியான வழி. நான் சொன்ன ஒற்றை வரி தேடும் பத்திக்கு மட்டும் பொருந்தும், அதுவும் 9, 10 விலக்கி.

---

நூலடுக்கு | சனி, மாலை 5.15

இடையில் நானே இன்னொன்றை முயன்றேன். வேண்டாததைத் தேடாமல், வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, எழுத்து வகை, எண் வகை, இடைவெளி மூன்றைத் தவிர எல்லாவற்றையும் நீக்கினேன். "வரலாறு" வந்த கோலம்:

வரலற

"தமிழ்" என்பது "தமழ" ஆகிவிட்டது. சரி, பைதானின் சொந்த ரீயில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டுச் சொற்களை எடுத்தேன். "வரலாறு" என்ற ஒரு சொல், "வரல", "ற" என்று இரண்டாக வந்தது. ஏன் இப்படி?

---

பழையபெர்ல் | சனி, மாலை 5.40

யுனிகோட் கணக்கில் வ, ர, ல, ற இவைதான் எழுத்து வகை. கால், கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் மார்க் என்ற வேறு வகை. நமக்கு "லா" ஓர் எழுத்து, கணினிக்கு ல ஒன்று, கால் ஒன்று. எழுத்து வகையை மட்டும் கேட்டால் உயிர்க்குறியும் புள்ளியும் வெளியே நின்றுவிடும். பெரிய எல் (எழுத்து) வகையைக் கேட்கும் இடத்திலெல்லாம் பெரிய எம் (மார்க்) வகையையும் சேர்த்துக் கேளுங்கள். தமிழுக்கு மட்டுமில்லை, இந்திய மொழிகள் பெரும்பாலானவற்றுக்கும் இது கட்டாயம். பைதானின் ரீயில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ மார்க்கைச் சேர்ப்பதில்லை, அதனால்தான் காலில் சொல் உடைந்தது. மீனா சொன்ன ரெஜெக்ஸ் லைப்ரரியில் அது சேரும்.

தேடலில், சொல் எண்ணுவதில், ஹேஷ்டேக் பிரிப்பதில் தமிழ் துண்டு துண்டாக வருகிற இடங்கள் பலவற்றில் காரணம் இதுவாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடுகிறார்கள்.

---

சேவல்கொடி | சனி, இரவு 8.22

நான் பிஎச்பி ஆள். இதே வகையில் என்னை இரண்டு நாள் அலையவிட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் தமிழ்ச் செய்திகளை வரி வரியாகப் பிரித்துச் சேமிக்கும் ஒரு சிறு நிரல். எந்த வகை வரி முடிவானாலும் பிடிக்கட்டும் என்று பேக்ஸ்லாஷ் பெரிய ஆர் போட்டு உடைத்திருந்தார்கள். சில செய்திகளில் மட்டும் வரி நடுவில் உடைந்து, முந்தின வரியின் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் தெரியும். எந்தச் செய்தியில் வரும், எதில் வராது என்று பிடிபடவே இல்லை. "ஆசிரியர்" ஒழுங்காக வரும். "அரசு" உடையும். "இந்த" வரும். "அந்த" உடையும். கடைசியில் உடைந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். அத்தனையிலும் அ. அ மட்டும்தான்.

காரணம் இது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று பைட். அ என்பது 224, 174, 133. அந்தப் பேட்டர்னில் யு என்ற கொடி போட மறந்திருந்தார்கள். கொடி இல்லாவிட்டால் ரெஜெக்ஸ் எழுத்தாகப் பார்க்காது, பைட்டாகத்தான் பார்க்கும். 133 என்ற பைட் அதற்கு நெக்ஸ்ட் லைன் என்னும் வரி முடிவு. ஆக அ வருகிற இடமெல்லாம் அதற்கு ஒரு புது வரி. 224உம் 174உம் அநாதையாக முந்தின வரியில் தொங்கின. ஆ என்பது 134இல் முடிகிறது, அதனால் தப்பித்தது. யு கொடியைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

இப்போது 128 முதல் 159 வரையுள்ள இரண்டாம் கன்ட்ரோல் கூட்டத்தையும் சேர்த்து நீக்கச் சொல்லிப் பல இடங்களில் பேட்டர்ன் கொடுக்கிறார்கள். எழுத்தாகப் பார்க்கும்போது அதில் தப்பில்லை. பைட்டாகப் பார்த்தால் தமிழுக்குப் பெரும் சேதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயிர் எழுத்துகள் பன்னிரண்டும், க, ங, ச, ஜ, ஞ, ட ஆறும், கால், சுழி இரண்டையும் தவிர மற்ற உயிர்க்குறிகள் எல்லாமும், புள்ளியும் அந்த எல்லைக்குள்தான் முடிகின்றன. சுழி என்று நான் சொல்வது இகரக் குறி. ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன ஆகியவை தப்பிக்கும். "மரம்" என்று எழுதினால் புள்ளி மட்டும் சிதையும். "கடை" என்று எழுதினால் ஒன்றும் மிஞ்சாது.

---

வடமராட்சி | சனி, இரவு 8.45

அ மட்டும் உடைவது! இது எனக்குப் புதிது. எங்கள் பள்ளிக்கூடத் தளத்தில் தலைப்புகள் இப்படி உடைவதைப் பார்த்திருக்கிறேன், எழுத்துருவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். நாளைக்கே போய் அந்தப் பேட்டர்னைப் பார்க்கிறேன்.

---

பழையபெர்ல் | சனி, இரவு 9.10

அருமையான குறிப்பு, சேவல்கொடி. இதே வழியில் டிஸ்கி போன்ற பழைய எட்டு பிட் குறியாக்கங்களில் உள்ள கோப்பு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். டிஸ்கியில் 128 முதல் 159 வரை உள்ள இடங்களிலும் எழுத்துகளை வைத்திருந்தார்கள். முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள், அப்புறம் சுத்தம் செய்யுங்கள்.

நூலடுக்கு, உங்கள் ஆறு எண்களுக்கு வருவோம். 65279 கோப்பின் தலையில் வரும் பைட் வரிசைக் குறி. மூன்று கோப்புகள், அதனால் மூன்று. ஒன்று தலைப்பு வரியில் இருக்கும், மற்ற இரண்டும் நீங்கள் கோப்புகளை ஒட்டிய இடத்தில் இருக்கும். எட்டு நீளமுள்ள "வரலாறு" இரண்டாம் கோப்பின் முதல் வரியாக இருக்க வேண்டும், பாருங்கள். 8206 வாட்ஸ்அப்பிலிருந்து வந்திருக்கும், இடமிருந்து வலம் என்று சொல்லும் குறி. இந்தப் பட்டியலில் அதற்கு வேலை இல்லை. 65279, 8203, 8206 மூன்றையும் அழிக்கலாம். 160ஐயும் 11ஐயும் அழிக்கக் கூடாது, சாதாரண இடைவெளியாக மாற்ற வேண்டும். அழித்தால் "தமிழக வரலாறு" என்பது "தமிழகவரலாறு" ஆகிவிடும்.

இவ்வளவுக்கு ரெஜெக்ஸே தேவையில்லை. பைதானின் டிரான்ஸ்லேட்டுக்கு எந்த எண்ணை எதாக மாற்றுவது என்று ஒரு அகராதி கொடுத்தால் போதும். ரெஜெக்ஸ் தேவைப்படுவது 8204க்குத்தான். அங்கே எழுத்தைப் பார்த்தால் போதாது, அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 8204ஐ இங்கே ■ என்று காட்டுகிறேன்:

`(?<!க்)■|■(?!ஷ)`

முன்னால் க் இல்லாவிட்டாலோ, பின்னால் ஷ இல்லாவிட்டாலோ நீக்கு. இரண்டும் இருந்தால் தொடாதே.

---

மீனா_திண்டுக்கல் | சனி, இரவு 9.34

ஐயா, ஒரு ஓட்டை இருக்கிறது. யாராவது 8204ஐத் தெரியாமல் இரண்டு முறை தட்டியிருந்தால்? க்■■ஷ என்று இருக்கும். முதல் ■க்குப் பின்னால் ஷ இல்லை, அது போகும். இரண்டாவதற்கு முன்னால் க் இல்லை, அதுவும் போகும். ஒன்றாவது மிஞ்ச வேண்டிய இடத்தில் இரண்டும் போய்விடும். கண்ணுக்குத் தெரியாததால் இரட்டையாக விழுவது சாதாரணம்.

---

பழையபெர்ல் | சனி, இரவு 9.41

உண்மை. முதலில் `■+` என்று பிடித்து ஒற்றை ■ ஆக்குங்கள், அப்புறம் என் பேட்டர்ன். அதற்கும் முன்னால் 8203ஐ நீக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் அது புகுந்து இதே கோளாறு வரும். இதில் வரிசை முக்கியம். நன்றி மீனா.

---

வடமராட்சி | சனி, இரவு 9.55

ஸ் உம் ரீ உம் கூட்டெழுத்தாகச் சேராமல் பிரித்துக் காட்டவும் இதே 8204தான். பட்டியலில் அப்படி ஏதும் இருந்தால் அந்த இணையையும் விதிவிலக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

சேவல்கொடி | ஞாயிறு, காலை 7.30

இரவில் தோன்றியது. பட்டியலுக்கு நீக்குவது சரி, ஆனால் நிரல் மூலத்துக்கு இதே பழக்கம் வேண்டாம். 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சனும் அவரோடு ஆய்வு செய்தவரும் ட்ரோஜன் சோர்ஸ் என்ற பெயரில் ஒன்றைக் காட்டினார்கள். எழுத்து ஓடும் திசையை மாற்றும் குறிகளை நிரலுக்குள் வைத்தால், மனிதர் கண்ணுக்கு ஒன்றும் கம்பைலருக்கு வேறொன்றும் தெரியும்படி செய்யலாம். அந்தக் குறிகள் 8234 முதல் 8238 வரை, 8294 முதல் 8297 வரை. நிரலில் இவை அகப்பட்டால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள், நிறுத்திவிட்டு யார் ஏன் வைத்தார்கள் என்று கேளுங்கள். நான் நிரல் சேர்க்கும்போதே இந்த எல்லைகளைத் தேடும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்.

---

நூலடுக்கு | ஞாயிறு, மாலை 4.18

எல்லாம் முடிந்தது. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். 43 இடங்களில் 31 க்‌ஷ நடுவில் இருந்தன, அவை அப்படியே இருக்கின்றன. 12 சும்மா சொல்லின் கடைசியில் ஒட்டியிருந்தவை, போய்விட்டன. எட்டு நீளமுள்ள "வரலாறு" இரண்டாம் கோப்பின் முதல் வரியேதான்.

"வரலாறு" இப்போது ஒன்று. ஆனால் "பொது" மட்டும் இன்னும் இரண்டாக வருகிறது. ஒன்றின் நீளம் 4, இன்னொன்று 5. தெரியாத எழுத்து எதுவும் இல்லை, எல்லாம் 2944க்கு மேலேதான்.

---

வடமராட்சி | ஞாயிறு, மாலை 4.36

ஒன்றில் ஒகரக் குறி 3018 என்ற ஒரே எண்ணாக இருக்கும், மற்றதில் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாக இருக்கும். யுனிகோட் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. இதற்கு ரெஜெக்ஸ் வேண்டாம், ஒரே எழுத்தின் இப்படிப்பட்ட இரு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்யுங்கள், சேர்ந்துவிடும்.

என்எஃப்சி திருத்தாத ஒன்றும் இருக்கிறது. "மௌனம்" என்பதைச் சிலர் கொம்பும் ள என்ற எழுத்தும் போட்டு "மெளனம்" என்று அடிப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி. அதை ரெஜெக்ஸில் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள். "தெளிவு", "வெள்ளம்", "கெளுத்தி" எல்லாவற்றிலும் கொம்பும் ளவும் நியாயமாகவே இருக்கின்றன.

---

நூலடுக்கு | ஞாயிறு, இரவு 7.02

"பொது" சேர்ந்துவிட்டது. கொம்பும் ளவும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடி மட்டும் எடுத்தேன், மாற்றவில்லை. 58 வந்தன. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்ததில் 7 மட்டும் தவறு, எல்லாம் கௌரி, மௌனம் வகை. கையால் திருத்தினேன்.

கடைசியாக ஒன்று. சுத்தமான கோப்பைப் படிப்பகத்துக் கணினியில் எக்செல்லில் திறந்தால் தமிழ் முழுக்கப் புரியாத குறிகளாக வந்தது. மீனா அக்காவிடம் தனிச்செய்தியில் கேட்டேன், கோப்பின் தலையில் 65279 இல்லாததால் எக்செல் அதை யுடிஎஃப்-8 என்று கண்டுகொள்ளவில்லை என்றார். சேமிக்கும்போது யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தேன். இப்போது தலையில் ஒரே ஒரு 65279 இருக்கிறது. நூலகர் ஐயா இரட்டைக் கிளிக் செய்தார், பட்டியல் தமிழில் திறந்தது.